ரெம்பியாவின் நீலக் கொக்கு

ஹரிதாஸ் மலாக்காவுக்குப் பக்கத்தில் புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கேமராவோடு பறவை தேடிக் கிளம்பிவிடுவார். 1998இல் பழைய கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வீட்டுக்கு வந்தபின், எடுத்த படத்தைச் சும்மா விடாமல் திருத்தும் பித்தும் சேர்ந்துகொண்டது.

கம்ப்யூட்டருக்குக் குறையில்லை. திரைதான் கிழடு, எதைப் போட்டாலும் மஞ்சள் காமாலை கண்டதுபோல் காட்டும். ஹரிதாஸுக்கு அது தெரியாது. ரெம்பியாவில் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே மாட்டு முதுகில் நின்ற கொக்கைத் திரையில் பார்த்தவர், "வெயிலு கொக்கையே மஞ்சளாக்கிருச்சு" என்று வருந்தி, அது வெள்ளையாகத் தெரியும்வரை நீலத்தை ஏற்றினார். புல் சோகையாக இருந்ததால் நிறச் செறிவையும் கடைசிவரை தள்ளினார்.

அச்சான படத்தை அறையின் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் மனைவி தாரணியிடம் காட்டினார்.

"கொக்கு பரவால்ல. மாடு ஏங்க கத்திரிக்கா மாதிரி இருக்கு?"

"நெழலு லா."

மறுவாரம் இளைஞர் மன்றக் கண்காட்சி. மண்டபத்தின் டியூப்லைட் வெளிச்சத்தில் கொக்கு, சொட்டு நீலத்தில் ஊறப்போட்டதுபோல் நின்றது. ஹரிதாஸ் அதைக் கழற்றக் கையை நீட்டினார்.

"நம்ம ஊர்ல நீலக் கொக்கா! சொல்லவே இல்லையே ஹரி!" என்று மன்றத் தலைவர் வீராசாமி கட்டிப்பிடித்தார். வந்தவர்களெல்லாம் கைகுலுக்கினார்கள். அது நன்றாக இருந்ததால் ஹரிதாஸும் சிரித்துக்கொண்டே கைகொடுத்தார்.

செய்தி மலாக்காவுக்குப் போய், ஜானகி டீச்சர் தலைமையில் பறவை பார்ப்பவர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். ஹரிதாஸ் வேறு வழியின்றி மேய்ச்சல் இடத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே இருந்தவை அத்தனையும் வெள்ளைக் கொக்குகள்.

"தம்பி, நீலம் எங்க?"

"அது கம்ப்யூட்டர்லதான் இருக்கு டீச்சர்."

டீச்சர் சிரித்த சிரிப்பில் கொக்குகள் மொத்தமாகப் பறந்துபோயின.

வீட்டில் தாரணி பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, திரையில் இருந்த கொக்கின் பக்கத்தில் பிடித்தாள். "ரெண்டும் ஒண்ணா இருக்கா, பாருங்க." தாள் வெள்ளையாக இருந்தது. திரையில் வெள்ளையென்று அவர் நம்பியது கடலைமாவு நிறத்தில் இருந்தது. அப்போதுதான் ஹரிதாஸுக்குப் புரிந்தது. அந்த வாரமே திரையை மாற்றினார்.

ஆனால் பயம் போகவில்லை. அடுத்து எடுத்த மீன்கொத்தியின் நிறத்தை வழித்தே எடுத்துவிட்டு ஜானகி டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

"இது மீன்கொத்தியா, மழையில நனைஞ்ச காக்காவா?" என்று கேட்டார் டீச்சர். மூன்றாம் முறை சரியாக வந்த படம் டீச்சர் வீட்டுச் சுவருக்குப் போனது.

மன்றச் சுவரில் மாட்டியிருந்த நீலக் கொக்கைக் கழற்றச் சொல்லி ஹரிதாஸ் கெஞ்சிப் பார்த்தார். "வேன் புடிச்சு ஆளு வந்த படம், கழட்ட முடியாது லா" என்றார் வீராசாமி. மன்றத்துக் கால்பந்துக் குழுவுக்கும் நீலக் கொக்கு என்றே பெயர் வைத்தார்.

குழுவைப் படம் எடுக்க ஹரிதாஸைத்தான் கூப்பிட்டார்கள். தாரணியும் கூடவே போனாள்.

"ஆளுங்க நெறத்துல மட்டும் கைய வைக்காதீங்க," என்றாள்.