சூப்பர்வைசர் அடித்த அடி

இரும்புக் கம்பி எலும்பில் படுகிற சத்தம் எனக்குப் புதிதில்லை. ஆனாலும் சண்டைக்குத் தப்பி வந்த இந்த நாட்டில், மங்கரேயில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், போர்வையும் படுக்கை விரிப்பும் வெளுக்கிற அந்தப் பெரிய லோண்டரியில், பட்டப்பகலில் அதைக் கேட்பேன் என்று நான் நினைத்திருக்கவில்லை. எங்கள் சூப்பர்வைசர் விரிப்பு ஏற்றித் தள்ளுகிற கூண்டு வண்டியின் பக்கக் கம்பியைக் கழற்றி, இரண்டு கையாலும் ஓங்கி, குனிந்திருந்து மெஷின் திருத்திக்கொண்டிருந்த மனுசனுக்கு அடித்தா. முதல் அடி தோளில். அவர் திரும்பிக் கையைத் தூக்க, அடுத்த அடி முழங்கைக்குக் கீழே விழுந்தது. பச்சைத் தடி முறிகிற மாதிரி ஒரு சத்தம். திரும்ப ஓங்கினபோது நான் ஓடிப்போய் அவவின் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். என்னையும் இழுத்துக்கொண்டு அந்த அடியையும் அடித்தா. அது நெற்றியைப் பிளந்தது. மடித்து அடுக்கியிருந்த வெள்ளை விரிப்புகளில் இரத்தம் தெறித்தது. பிறகு கம்பியைக் கீழே போட்டுவிட்டுத் தன் மேசைக்குப் போய், கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா.

இப்போது இதை எழுத வைத்தது எங்கள் வீட்டு டிவி. இதே பட்டணத்தில் த்ரீ கிங்ஸ் என்கிற இடத்தில் மகனோடு இருக்கிறேன். அவன் ஐரோப்பாச் செய்தி என்றால் விடமாட்டான். அங்கே சண்டை தொடங்கி வருடங்களாகிவிட்டது. எந்த நாடு டாங்கி கொடுக்கும், எந்த நாடு காசு கொடுக்கும், அமெரிக்கா பின்னால் நிற்குமா கைவிடுமா என்று பெரிய மேசையைச் சுற்றியிருந்து கதைக்கிறார்கள்.

“அம்மா, சண்டை நிண்டா ஐரோப்பா ஆமி காவலுக்குப் போகுமாம்” என்றான் மகன்.

“சுட வந்தா, திருப்பிச் சுடுவினமோ, இல்லாட்டி எழுதிக்கொண்டு நிப்பினமோ?”

“அது இன்னும் முடிவாகேல்லை.”

“அப்ப ஒண்டும் முடிவாகேல்லை” என்றேன். அவன் சிரித்தான். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

சூப்பர்வைசர் அதே ஐரோப்பாவில், மலைகளுக்கு நடுவே இருக்கிற ஒரு சின்ன நாட்டுக்காரி. முஸ்லிம் மனுசி. என்னைவிடக் கொஞ்சம் இளமை, உடம்பு மட்டும் ஆம்பிளை உடம்பு. பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேணும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து எதிரெதிரே நின்று, கிட்ட வந்து மூலையை மற்றவர் கையில் கொடுத்து, விலகிப் போக வேணும். கிட்ட வரும்போது ஒரு சொல், விலகும்போது ஒரு சொல், அப்படித்தான் நாங்கள் கதைத்துப் பழகினோம். அவவிடமும் இங்கிலீஷ் கொஞ்சம், என்னிடமும் கொஞ்சம். இரண்டு கொஞ்சத்தையும் கூட்டினால் எங்களுக்குக் காணும். நான் ஊரில் ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்தவள். அதற்காக என்னை ஏய்த்தவர் ஒருவரும் இல்லை. அவவையும் ஒருவரும் ஏய்க்கேலாது. இளம் பிள்ளைகள் விரிப்பைச் சுருட்டி எறிந்தால், “என்ன, பிணம் கட்டுறியளோ?” என்று ஏசுவா. பிணம் எப்படிக் கட்டுவது என்று அவவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவவின் ஊரில் சண்டை நடந்தபோது, நீலத் தொப்பி போட்ட வெளிநாட்டு ஆமி, இது பாதுகாப்பான இடம் என்று சொல்லிச் சனத்தை ஒரு மர ஆலைக்குள் வைத்திருந்ததாம். எதிரி ஆமி வந்து சூழ்ந்ததும் நீலத் தொப்பிக்காரர் கேற்றைத் திறந்து, ஆம்பிளைகளைத் தனியாக வெளியே போகச் சொன்னார்களாம். அவவின் ஒரே மகனுக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. பிடித்த கையை விடாமல் நின்றிருக்கிறா. ஒரு நீலத் தொப்பிக்காரன் வந்து அவவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தானாம், மரியாதையாக, ‘ப்ளீஸ்’, ‘ப்ளீஸ்’ என்று சொல்லிக்கொண்டு. கேற்றுக்கு வெளியே போனவர்களை அன்றைக்கே வரிசையில் நிறுத்திச் சுட்டிருக்கிறார்கள். பிறகு சாட்சி இருக்கக்கூடாதென்று குழியைக் கிண்டி, மெஷினால் அள்ளி, வேறு காட்டில் கொட்டினார்களாம். வருடக்கணக்கில் தேடித்தான் மகனின் எலும்பு கிடைத்தது, பாதி ஒரு குழியில், பாதி இன்னொரு குழியில். “ரெண்டு தரம் புதைச்சன்” என்று சொல்லி, விரிப்பின் மூலையை என் கையில் தந்துவிட்டுப் பின்னால் போனா.

என்னுடையதையும் சொன்னேன். வன்னியில் சண்டை நிறுத்தியிருந்த காலத்தில் ஐரோப்பாவிலிருந்து கண்காணிக்க வந்தவர்கள் வெள்ளை வாகனத்தில் கொடி கட்டிக்கொண்டு திரிந்தார்கள். என் தம்பியைச் சைக்கிளில் போகும்போது சுட்டுப் போட்ட அன்றைக்கும் வந்தார்கள். அவனுக்குத் தலையில் பாதி இல்லை. அதைக் குனிந்து பார்த்து எழுதினார்கள். நான் சொன்னது எல்லாவற்றையும் எழுதினார்கள். நல்ல மனுசர், குறை சொல்லேலாது. இளநீர் குடித்துவிட்டு நன்றி சொன்னார்கள். “இனிமேல் சுடாமல் நீங்கள் தடுக்க மாட்டீங்களோ?” என்று கேட்டேன். மொழிபெயர்க்க வந்தவர் அவர்களிடம் கேட்காமலே, “அக்கா, அவைக்குப் பாக்கத்தான் உத்தரவு” என்றார். பிறகு சண்டை திரும்பத் தொடங்கப் போகுது என்று தெரிந்ததும் அவர்களுக்குப் போக உத்தரவு வந்தது. நாங்கள் பொம்பிளைகள் றோட்டில் குந்தியிருந்து மறித்தோம். வாகனம் ஓரத்தால் விலத்திப் போனது. நான் மண்ணை இரண்டு கையாலும் அள்ளித் தூற்றினேன். கண்ணாடி முழுக்க மண். உள்ளே இருந்தவன் வைப்பரைப் போட்டான். அது இரண்டு தரம் இப்படியும் அப்படியும் போய், நான் தூற்றின சாபத்தைத் துடைத்துவிட்டது. அவர்கள் போன பிறகு செல் வந்து விழுந்து வெடித்தது. எங்கள் ஒழுங்கையில் வேலிக் கம்பியில் சீலைத் துண்டு தொங்குது என்று எடுக்கப் போனேன். அது சீலைத் துண்டில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கை.

மெஷின் திருத்துகிற மனுசன் லோண்டரிக்கு வந்து ஒரு வருடமிருக்கும். அவரும் ஐரோப்பாக்காரர், பணக்கார நாடு. சாதுவான ஆள். எங்களுக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். சூப்பர்வைசரோடு ஒரு நாளும் சண்டைக்குக் கொளுவினதில்லை. அன்றைக்குத் தேத்தண்ணி நேரம் எல்லோரும் கன்டீனில் இருந்தோம். டிவியில் இடிந்த கட்டடமும் ஓடுகிற சனமும். யாரும் கேட்காமலே அவர் சொன்னார், தானும் இருபது வயதில் ஆமியில் இருந்ததாக, நீலத் தொப்பி போட்டதாக. ஊரின் பெயரையும் சொன்னார். சூப்பர்வைசர் கோப்பையை வைத்துவிட்டு, “எந்த இடத்தில நிண்டனீர்?” என்று கேட்டா.

“மர ஆலையில. கேற்றடியில.”

“நான் உள்ளுக்க நிண்டனான்.”

அவர் முகம் சுண்ணாம்பாய்ப் போனது. எங்களுக்குச் சுடக் கட்டளை இல்லை, ஆட்களும் காணாது, கேட்ட உதவியும் வரவில்லை என்று ஏதேதோ சொன்னார். எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். “கேற்றைத் திறக்கிறதுக்கு ஆர் கட்டளை தந்தது?” என்று அவ கேட்டா. அவர் எழும்பி வேலைக்குப் போனார். கொஞ்சம் பொறுத்து அவவும் எழும்பினா. அந்த நடை பிடிக்காமல் நானும் பின்னால் போனேன்.

அம்புலன்சில் ஏற்றும்போது அந்த மனுசன் மனேஜரிடம் சொன்னது, மெஷினில் கம்பி சிக்கி எகிறி அடித்தது என்று. மனேஜருக்கும் அது வசதி. கண்ணால் கண்ட ஆள் நான் ஒருத்தி மட்டும். நான் மெஷின் என்றால் மெஷின். சூப்பர்வைசர் என்றால், அவவுக்கு வேலை போகும், மறியலும் கிடைக்கலாம். எங்களோடு வேலை செய்த மதுரைப் பிள்ளை என்னை உடுப்பு மாற்றுகிற அறைக்குள் இழுத்துக்கொண்டு போனது.

“ஆன்ட்டி, எதையும் பாக்கலன்னு சொல்லிடுங்க. இங்கிலீஷ் வராதுன்னு முழிச்சா போதும், விட்டுருவாங்க.”

“இங்கிலீஷ்தான் பிள்ளை வராது. கண் நல்லாத் தெரியும்.”

“அய்யோ, அந்தம்மா ஜெயிலுக்குப் போயிரும்.”

நான் சூப்பர்வைசரின் மேசைக்குப் போனேன். கையில் இரத்தம் காய்ந்திருந்தது, கழுவவில்லை. “மெஷின் எண்டு சொல்லட்டோ?” என்று கேட்டேன். அவவுக்குக் கோபம் வந்துவிட்டது. “அவன் எனக்குக் கருணை காட்டுறான். அவன்ர கருணை எனக்கு வேண்டாம். மெஷின் எண்டு எழுதினா, நான் ஏன் அடிச்சன் எண்டு அவனை ஆரும் கேக்கப் போறதில்லை. கேக்க வேணும். எல்லாருக்கும் முன்னால அவன் வாய் திறந்து சொல்ல வேணும். நீ கண்டதைச் சொல்லு.”

சொன்னேன். மனேஜருக்கும் சொன்னேன், பொலிசுக்கும் சொன்னேன், அடித்ததையும் அதற்கு முன்னால் கன்டீனில் கதைத்ததையும். மகன் வீட்டில் என்னோடு கத்தினான். “சிநேகிதியைக் காட்டிக் குடுத்திட்டு வந்து சோறு போடுறீங்களே அம்மா.” நான் அவன் சோற்றுக்குக் குழம்பை ஊற்றினேன். வழக்கு வரும்வரை எனக்கும் நித்திரை குறைவுதான். அந்த மனுசன் வாய் திறக்காவிட்டால் அவ சும்மா மறியலுக்குப் போவா, அது என் வாயால் போனதாக இருக்கும்.

கோர்ட்டில் அவ குற்றத்தை ஒப்புக்கொண்டா. அடி வாங்கினவர் தனக்கு நேர்ந்த பாதிப்பைச் சொல்லலாம் என்று இங்கே ஒரு முறை இருக்கிறது. அந்த மனுசன் முறிந்த கையில் பத்துக் கட்டோடு, நெற்றியில் தையலோடு எழும்பினார். கையில் வைத்திருந்த கடதாசியைப் பார்த்தார், பிறகு மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்தார். என் கை முறிந்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்றார். கேற்றைத் திறந்தது நான் என்றார். வெளியே போனவர்களுக்கு என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும், வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது என்றார். ஒரு தாயின் விரலைப் பிரித்தேன், எத்தனையோ தாய்மார், இவதானா என்று எனக்குத் தெரியாது என்றார். நீதிபதி குறுக்கிடவில்லை. எனக்கு முன்னால் நின்ற சூப்பர்வைசரின் மூச்சு, ஓடி வந்த ஆளின் மூச்சு மாதிரிக் கேட்டது. மறியல் கிடைக்கவில்லை. வேலை போனது போனதுதான்.

வெளியே படிக்கட்டில் அந்த மனுசன் காத்து நின்றார். நல்ல கையை நீட்டினார். அவ அதைப் பிடிக்கவில்லை. “என்ர மகன்ர பேர் என்ன?” என்று கேட்டா. அவருக்குத் தெரியவில்லை. அவ பெயரைச் சொன்னா. அது அவவின் பொருள், நான் இங்கே எழுதமாட்டேன். “சொல்லு” என்றா. அவர் சொன்னார். “அப்பிடியில்லை” என்று திருத்தினா. திரும்பச் சொன்னார். திரும்பவும் திருத்தினா. சனம் எங்களை விலத்தி ஏறியும் இறங்கியும் போனது.

போன குளிருக்குள் அவ கண்ணை மூடிவிட்டா. டிவியில் பெரிய மனுசர் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், எத்தனை ஆயிரம் ஆமியை அனுப்புவது, எந்தக் கோட்டில் நிறுத்துவது என்று. மகன் சத்தத்தைக் கூட்டுகிறான். என் காதில் விழுகிறது அந்தப் படிக்கட்டுத்தான்: வளர்ந்த ஒரு ஆம்பிளை, பத்துப் போட்ட கையோடு அழுதுகொண்டு, ஒரு பிள்ளையின் பெயரைச் சரியாகச் சொல்லிப் பார்க்கிறான், அவ விடாமல் ‘இன்னொருக்கா’ என்கிறா.