அரிப்பு டாக்டர்

அந்தத் தொழிற்சாலையில் கண்ணாடியை உருக்கி, நூலாக இழுத்து, பஞ்சாக்கிச் சுருட்டுவார்கள். கூரைக்கு அடியில் விரித்தால் வெயில் கீழே இறங்காது. பார்க்க மெத்துமெத்தென்றுதான் இருக்கும். தொட்டவர்களுக்குத்தான் அதன் குணம் தெரியும். கழுத்து, முழங்கை மடிப்பு, இடுப்பு என்று துணி உரசும் இடமெல்லாம் பிடுங்கி எடுத்துவிடும். சேர்ந்த முதல் வாரத்தில் அழாத பெண் அங்கே கிடையாது.

அழுகிறவர்களை வெட்டும் மேசைக்கு அனுப்புவார்கள். அங்கே இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறவளுக்கு அரிப்பு டாக்டர் என்று பேர். மேலாளர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அவளும் ஒப்புக்கு ஒரு முறை முறைத்துவிட்டு உள்ளுக்குள் பூரித்துப்போவாள்.

"சொறியாத, உள்ள ஏறிடும். சுடுதண்ணி பக்கமே போகாத. பச்சத்தண்ணிய ஊத்து, தேய்க்காத. அப்புறம் டேப்ப ஒட்டி ஒட்டி உரி, தூளெல்லாம் அதோட வந்துடும். உள்ளங்கையில மட்டும் ஏறாது, தோல் தடிமன். தைரியமா தூக்கு."

"ஃபீஸ் எவ்வளவுக்கா?"

"நாளைக்கு மூஞ்சியத் தொங்கப்போடாம வந்து சேரு, அது போதும்."

புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, ஒற்றை மகளை அந்த மேசையில் நின்றேதான் ஆளாக்கினாள். அந்த மகள் இப்போது எட்டு மாத வயிற்றோடு அவளிடம் வந்திருந்தாள். மருமகனுக்குக் கப்பலில் வேலை. குழந்தை பிறந்த பிறகுதான் கரைக்கு வருவான். வீட்டுக்கு ஒரு குழந்தை வரப்போகிறது என்ற நினைப்பிலேயே அவள் தலைகால் புரியாமல் திரிந்தாள். வேலையில் யாராவது வாயைத் திறந்தால் போதும், பேச்சைப் பேத்தியிடம் கொண்டுவந்து நிறுத்துவாள். பேத்திதான் என்று அவளே முடிவும் செய்திருந்தாள்.

ஒரு நாள் காலையில் மகள் சொன்னாள்: "அம்மா, உள்ளங்கை ஒரேயடியா அரிக்குதும்மா."

"என் யூனிஃபார்மைத் தொவைச்சியா? உன்ன யாரு அதத் தொடச் சொன்னது?" என்று சத்தம் போட்டாள். அன்று முதல் தன் துணியைத் தனி வாளியில் தானே துவைத்தாள்.

நான்கு நாள் கழித்து உள்ளங்காலும் அரித்தது. தன் செருப்போடு தூள் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று, காலையும் மாலையும் ஈரத்துணியால் தரையைத் துடைத்தாள். மகளின் கையையும் காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை. மகள் சொறிந்த கீறல்தான் இருந்தது. ஆயிரம் பேரின் அரிப்பைப் பார்த்த கண்ணுக்கு அது வேறு மாதிரி என்று அப்போதே பட்டிருக்க வேண்டும். படவில்லை. தெரிந்தவள் என்ற மிதப்பு கண்ணை மறைத்துவிட்டது.

"செக்கப்புல டாக்டர்கிட்ட கேக்கட்டுமாம்மா?"

"பஞ்சுத் தூளைப் பத்தி அந்தப் பொண்ணுக்கு என்னடி தெரியும்? என்னக் கேளு."

இன்னும் பன்னிரண்டு நாள் கழித்து, மூன்றாவது முறை மகள் அழுதுகொண்டே வந்தாள். தூக்கமே இல்லை என்றாள். இவள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாள்.

"இருவத்திரெண்டு வருஷமா நான் சொறியாததையா நீ சொறியிற? கொஞ்சம் பொறுத்துக்கக் கத்துக்கடி. நாளைக்கு வலி வந்தா என்ன பண்ணுவ?"

அதற்குப் பிறகு மகள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் குழந்தையின் அசைவு நின்றது.

பேத்திதான். தலை நிறைய முடி. எடை, கை கால், எல்லாம் சரியாக இருந்தன. இதயம்தான் ஓடவில்லை. மருத்துவமனையில் வெள்ளைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது, பாவி நான், என் பஞ்சுதான் உன்னைக் கொன்றுவிட்டது என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அதன் பிறகு வேலைக்கே போகவில்லை.

பதினைந்து நாள் கழித்து, ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்க அம்மாவும் மகளும் போனார்கள். இளம் டாக்டர் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோதே இவள் கேட்டுவிட்டாள்:

"எங்க கம்பெனி பஞ்சுத் தூள்தானம்மா காரணம்?"

"தூளா? அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா." டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "கல்லீரல், கொழுப்புலேருந்து பித்த அமிலம்னு ஒண்ணு செய்யுது. பித்தத்தோட அது குடலுக்குப் போயி, சாப்பாட்டுல இருக்குற எண்ணெயக் கரைக்கும். வேலை முடிஞ்சதும் வீணாப் போகாது. குடலோட கடைசிப் பகுதி அதுல பெரும்பகுதிய உறிஞ்சி, ரத்தம் வழியா கல்லீரலுக்கே திருப்பி அனுப்பிடும். ஒரு நாளைக்குப் பல சுத்து இப்படியே போகும். திரும்ப வர்றது போதும்னா, கல்லீரல் புதுசா செய்றதக் கொறச்சுக்கும்."

வெட்டி விழுந்த துண்டுகளை மறுபடி உலையில் போடுவார்களே, அதுபோல என்று அவளுக்குப் புரிந்தது.

"சில பேருக்குக் கடைசி மாசங்கள்ல ஹார்மோன் ஏற ஏற, கல்லீரல்லேருந்து அது வெளியேறுறது மந்தமாயிடும். உள்ளயே தேங்கி ரத்தத்துல கலந்துடும். அதோட அளவு நூறத் தாண்டினாலே குழந்தைக்கு ஆபத்து. உங்க பொண்ணுக்கு நூத்தி நாப்பது. இதுல யார் தப்பும் இல்ல."

பேத்தி போனதிலிருந்து அன்றுதான் அவளுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. தூள் இல்லை. தன் துணி இல்லை, தன் செருப்பு இல்லை. டாக்டர் மகள் பக்கம் திரும்பினார்.

"அரிப்பு இருந்திருக்குமே? உள்ளங்கை, உள்ளங்கால்ல?"

"இருந்துச்சு டாக்டர்."

"எத்தன நாளா?"

"மூணு வாரமா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்பவே வந்திருந்தா ஒரு ரத்தப் பரிசோதனையில தெரிஞ்சிருக்கும். முன்கூட்டியே பிரசவம் பாத்திருப்போம். யார்கிட்டயுமா சொல்லல?"

மகள் குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்: "இல்ல டாக்டர். யார்கிட்டயும் சொல்லல."

"ஏம்மா இப்படிப் பண்ணினீங்க? உங்க அம்மா பக்கத்துலயே இருக்காங்க. அவங்ககிட்டயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"இனிமே சொல்றேன் டாக்டர்," என்றாள் மகள். மேசைக்குக் கீழே அம்மாவின் கையைத் தேடிப் பிடித்து அழுத்தினாள். பேசாதே என்று சொன்ன அழுத்தம் அது.

அம்மா கையை உருவிக்கொண்டு எழுந்து நின்றாள். "எங்கிட்ட சொன்னா டாக்டர், மூணு தடவ," என்றாள்.