நோன்பு நாளில் வந்த தள்ளாட்டம்

மேலப்பாளையத்தில் தையல் வேலை செய்கிறேன். என் கணவர் குடியை விட்டவர். மனநிலை சீராக இருக்க, எங்கள் பகுதி கிளினிக்கில் கொடுக்கும் மாத்திரைகளைத் தினமும் சாப்பிடுகிறார். போன ரமலானில், கொளுத்தும் வெயிலிலும் ஒரு நோன்பைக்கூட அவர் விடவில்லை.

ஒருநாள் மதியம் தள்ளாடியபடி வீட்டுக்குள் வந்தார். நாக்கு குழறியது, கைகள் உதறின.

"நோன்பு மாசத்துல குடிச்சிட்டு வந்து நிக்கானே, அல்லாவே!" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "தெளியட்டும், உள்ள படுக்கப் போடு."

எனக்கும் அந்தப் பயம்தான். ஆனால் அவர் வாயில் வாடையே இல்லை. "குடிக்கல புள்ள..." என்று சொல்லும்போதே வாந்தி எடுத்தார்.

கிளினிக்குக்கு ஆட்டோ பிடித்தேன். வழியில் என் தோளில் துவண்டு கிடந்தார். கூப்பிட்டதற்குப் பதிலே இல்லை.

"பகல் முழுக்கத் தண்ணி குடிக்காமலா இந்த மாத்திரையப் போடுதாவ?" என்று கிளினிக் நர்ஸ் பதறினார். உடம்பில் நீர் வற்றி, ரத்தத்தில் மருந்து கூடி, அதுவே விஷமாகியிருந்ததாம். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பிழைக்க வைத்தார்கள். வீட்டிலேயே படுக்கப் போட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார்கள்.

இந்த ரமலானுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டோம். நோன்பு வேண்டாம் என்றார். அதற்குப் பதிலாக ஏழைகளுக்கு உணவளிக்கிறோம். பகலில் தண்ணீர் குடிக்க அவருக்கு இன்னும் கூச்சம். நோன்பு வைத்திருக்கும் நானே தண்ணீர்ச் செம்பை எடுத்துப்போய், அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்கிறேன்.