பானிக் ஆகாதீங்க

மாநில எல்லையை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்த புதிதில் வாயைத் திறக்கவே எனக்குப் பயம். நான் தூத்துக்குடிக்காரி. 'வாரேன்' என்று சொன்னால் போதும், கூட வேலை செய்யும் பெண்கள் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் சிரிப்பார்கள். கெட்ட மனசுக்காரர்கள் இல்லை. ஆனாலும் நான் தனியாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பாதுகாப்பு வாரம் வந்தது. தீ ஒத்திகைக்கு முன்னால் யாராவது பேச வேண்டுமாம். சூப்பர்வைசர் என்னைப் பிடித்தார். "போர்டுல எல்லாம் 'பானிக் ஆகாதீங்க'ன்னு எழுதியிருக்கில்ல, அதப் பத்திப் பேசும்மா." மாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். இவர்களோடு ஒட்டிக்கொள்ள இதை விட்டால் வேறு வழியில்லை என்றும் தோன்றியது.

செல்போனில் தேடியதை மைக்கில் சொன்னேன். கிரேக்கர்களுக்குப் பான் என்று ஒரு காட்டுத் தெய்வம், இடுப்புக்குக் கீழே ஆடு. அது ஒரு சத்தம் போட்டால் மந்தையே காரணம் தெரியாமல் சிதறி ஓடுமாம். அந்தப் பான் கிளப்பும் பயம்தான் பானிக். "அது வந்துட்டா பக்கத்துல நிக்கிறவுக கண்ணுக்கே தெரிய மாட்டாக. அவுகவுக பாடுதான் பெருசு," என்று முடித்தேன். கொஞ்சம் சிரித்தார்கள்.

உடனே சங்கு ஊதியது. ஒத்திகைதான். வரிசையாக நடந்து மைதானத்தில் கூட வேண்டும். தீ என்றால் விட்டு விட்டு ஊதும், ஷிப்ட் முடிந்தால் நீளமாக ஊதும். ஷிப்ட் முடியப் போகிற நேரத்தில் எந்தச் சங்கு என்று யார் நின்று கேட்பது? சங்குச் சத்தம் கேட்டதும் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடி, ஜன்னல் வழியாகக் கர்ச்சீப் எறிந்து சீட்டுப் பிடித்தே பழகிய கூட்டம். மொத்த ஷிப்டும் பறந்துவிட்டது. மைதானத்தில் சூப்பர்வைசரும் நானும் தீயணைப்புக் கருவியும்தான் மிச்சம்.

தலையில் கை வைத்தவருக்குப் பிறகு சிரிப்பு வந்துவிட்டது. "போய் கூட்டிட்டு வாம்மா."

பஸ்ஸில் ஏறி, இது ஒத்திகை என்றேன். ஒரே சிரிப்பு, எல்லோரும் இறங்க எழுந்தார்கள். என் எதிரே நின்று வேலை செய்கிற கெலவரப்பள்ளி அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"நாங்க எங்க கண்ணு பயந்தோம்? சீட்டு போயிருமேன்னு ஓடியாந்தோம்."

அவருக்குப் பக்கத்து சீட்டில் ஒரு கர்ச்சீப் கிடந்தது. யாருக்கு என்று கேட்டேன்.

"உனக்குத்தான். நீ மைக்க வெச்சுட்டு வர்றதுக்குள்ள எல்லாம் ரொம்பிரும்ல?"

அத்தனை ஓட்டத்திலும் அவருக்கு என் நினைப்பு இருந்திருக்கிறது. மைக்கில் நான் சொன்னது தப்பாகிப்போனதில் எனக்கு அப்படியொரு சந்தோஷம்.