லவேனாவின் கடைசி எழுத்து

நான் வெட்டிக் கொடுத்தது வெறும் எழுத்து. கப்பல் யாருடையது, எங்கே போகிறது என்று கேட்பது ஸ்டிக்கர் கடைக்காரியின் வேலையா?

இதை மனசுக்குள்தான் சொல்லிக்கொள்கிறேன். வாய்விட்டு ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சொன்னால் யாராவது பதில் சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

இது நடந்தது. எனக்குக் காய்ச்சல் இல்லை, தூக்கக் கலக்கம் இல்லை. திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே என் கடையில், எதிரே டீக்கடையில் ஆட்கள் நின்று பேசிக்கொண்டிருந்த சாயங்கால நேரத்தில் நடந்தது.

நம்பர் பிளேட், கல்யாண பேனர், பள்ளிக்கூட பஸ்ஸின் பெயர்... இதுதான் என் பிழைப்பு. கப்பல் வேலையைக் கொண்டுவந்தவர் பாண்டிச்சேரி ஏஜென்ட் ஜெகதீசன். பெரிய பிளாஸ்டிக் ஷீட்டில் எழுத்தை வெட்டி எடுத்துவிட வேண்டும். அந்த ஷீட்டைக் கப்பலின் பின்பக்கத்தில் வைத்துப் பெயின்ட் அடித்தால் எழுத்து விழும்.

எதற்கு என்பதை அவர் மறைக்கவும் இல்லை. சண்டை நடக்கிறது. ஒரு நாட்டின் எண்ணெயை வாங்கக்கூடாது என்று மற்ற நாடுகள் தடை போட்டிருக்கின்றன. அதை ஏற்றிய கப்பல் நடுக்கடலில் வேறு பெயர் எழுதிக்கொள்ளும். வேறு நாட்டுக் கொடி ஏறும்.

"கடல்ல எவன் வந்து கேக்கப் போறான் அக்னஸ்?" என்றார்.

நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்குக் கூலியாக என் தம்பி இருதய அருணுக்கு அதே கப்பலில் வேலை வாங்கிக்கொண்டேன். கண்டமங்கலம் வீட்டில் சும்மா கிடந்தவன். பெயின்ட் பிரஷ் பிடிக்கத் தெரியும். போதும் என்றார்கள்.

ஒருநாள் போனில் சிரித்தான்.

"பழைய பேர வெல்டிங்ல வச்சிருக்கான்க்கா. எத்தன கோட்டு அடிச்சாலும் வெயில் சாஞ்சா புடைச்சிக்கினு தெரியுது. பொணத்துக்குப் பவுடர் போட்ட மாதிரி."

"ஜாக்கிரதைடா."

"நீ எழுத்த ஒழுங்கா வெட்டு. மத்தத நான் பாத்துக்கறேன்."

அடுத்து வந்த பெயர் லவேனா. இங்கிலீஷில் LAVENA என்று எழுதினால் 'ஏ' இரண்டு இடத்தில் வரும். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரே எழுத்து இரண்டு தடவை வந்தால் ஒன்றுதான் வெட்டுவோம். துடைத்துவிட்டு மறுபடி வைத்துக்கொள்ளலாம். ஷீட் மிச்சம்.

ஒன்றுதான் வெட்டி அனுப்பினேன்.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் கரண்ட் போய், எழுத்து வெட்டும் மெஷின் நின்றிருந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

முதலில் வாடை. என் கடைப் பெயின்ட் இல்லை. எண்ணெயும் உப்பும் கலந்த ஏதோ ஒன்று.

பிறகு சத்தம். சர்... சர்...

ஷட்டரின் வெளிப்பக்கம் யாரோ பிரஷ் இழுக்கிறார்கள். மேலே கயிறு முறுகுகிறது. கிரீச்... மேலே கயிறு கட்ட ஒன்றுமே கிடையாது.

"அக்கா."

அருண் குரல். சொல்லாமல் லீவில் வந்து விளையாடுகிறான் என்று நினைத்தேன்.

"எப்படா வந்த?"

"ஏ குடுக்கா. அது ஒண்ணுதான் பாக்கி."

"கரண்ட் இல்லடா. வர்ற வரைக்கும் இரு."

"இருக்கேன்."

ஷட்டருக்கு அடியில் பார்த்தேன். ஆள் நின்றால் கால் தெரிய வேண்டும்.

கால் இல்லை.

மேலேயிருந்து தண்ணீர் மட்டும்... சொட்... சொட்...

ஷட்டரைத் தூக்கினேன். யாரும் இல்லை. எதிரே டீக்கடை அன்புச்செல்வி கேட்டாள்.

"யாரத் தேடுற? உன் கடைப் பக்கம் ஒருத்தரும் வரலயே."

வெளியே வந்து ஷட்டரை முழுக்க இறக்கினேன். ஈரமாக ஐந்து எழுத்து. கடைசி 'ஏ' இல்லை. தொட்டேன். கையில் ஒட்டவில்லை. விரலை நாக்கில் வைத்தேன்.

உப்பு.

கரண்ட் வந்தது. எழுத்து இல்லை. எதிரே டீக்கடைச் சுவர்க் கடிகாரத்தில் ஆறு பத்து.

அந்த வாரமே செய்தி வந்தது. கப்பலை ஏதோ தாக்கியிருக்கிறது. புதிதாக ஏற்றியிருந்த கொடியின் நாடு, அப்படி ஒரு கப்பலே எங்களிடம் இல்லை என்றது. பழைய பெயரின் நாடு, அது எங்கள் பதிவிலிருந்து எப்போதோ போய்விட்டது என்றது. யாருடைய கப்பல் என்று பேசி முடிப்பதற்குள் நேரம் போனது. மீட்புப் படகு தாமதமாகத்தான் புறப்பட்டது.

அருண் உடல் கிடைக்கவில்லை.

தப்பி வந்தவர்களில் ஒருவர் விழுப்புரத்துக்காரர். நடராசன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கையில் கட்டு. என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"அந்த ஏ ஷீட்டு காத்துல பறந்துடுச்சிமா. ஒண்ணுதான் இருந்திச்சி. வானத்துல ஏதோ உர்ருனு சத்தம் வருது. மேல ஏறி வாடான்னு கத்துறோம். பெயின்ட் அடிக்கக் கயித்துல தொங்குற பலகைய விட்டு இவன் அசையல."

"ஏன்?"

"இருங்கண்ணே, கரண்ட் வர்ற வரைக்கும் இருக்கச் சொல்லுது அக்கான்றான். நடுக்கடல்ல இன்னாடா கரண்ட்டுனு நாங்க சிரிச்சிக்கினு இருக்கும்போதே..."



"அப்ப மணி எத்தனண்ணே?"

"நம்ம ஊர் டைமுக்கு ஆறு, ஆறேகால் இருக்கும்."

அவனை இருக்கச் சொன்னது நான். இருந்திருக்கிறான்.

கடைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக ஒரு 'ஏ' வெட்டினேன். ஏன் என்று தெரியாது. மேஜைமேல் கிடந்தது.

நேற்று சாயங்காலம். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.

அதே வாடை.

சர்... சர்...

"அக்கா. கரண்ட் வந்துடுச்சாக்கா?"

எரிகிற விளக்கை நிமிர்ந்து பார்த்தேன்.

ஷட்டருக்கு அடியில் ஒரு கை நீண்டது. தண்ணீரில் ஊறி வெளுத்த கை. விரலெல்லாம் சுருங்கி... நகத்தில் வெள்ளைப் பெயின்ட்.

"ஏ குடுக்கா. முடிச்சிட்றேன்."

ஷீட் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

கொடுத்தால் பெயர் முழுசாகிவிடும். அவன் அந்தக் கப்பலோடேயே போய்விடுவான்.

நான் எடுக்கவில்லை.

"குடுக்க மாட்டேன்டா," என்றேன். "நீ ஏறி வா."