புளியமரத்தில் பெரியப்பா

பெரியப்பாவின் அஸ்தியைக் கரைக்க நாங்கள் வேனில் ராமேஸ்வரம் போனோம். எனக்கு ஒன்பது வயது. அப்போது பாம்பனுக்கு ரோட்டுப் பாலம் கிடையாது. வண்டி மண்டபத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து ரயில்தான்.

பெரியப்பா ஐப்பசியில் போனார். மார் வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அடி அண்ணாமலையில் மலை சுற்றும் பாதையை ஒட்டி எங்கள் வீடு. வீட்டு முன்பக்கம் அவருடைய சோடாக் கடை. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் செல்லமெல்லாம் எனக்கு. கலர் சோடாவில் பாதி குடித்துவிட்டு மீதியை வைத்தாலும் திட்ட மாட்டார்.

பெரியம்மாவிடம் அப்படி இல்லை. அடிக்க மாட்டார். கத்தவும் மாட்டார். அவள் எங்காவது போகிறேன் என்றால், "எதுக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்பார். அதோடு சரி. அவள் உள்ளே போய்விடுவாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊரே எங்கள் வாசல் வழியாக மலை சுற்றும். எங்கெங்கிருந்தோ வந்து சுற்றுவார்கள். பெரியம்மா அவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுப்பாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஒரு தடவையும் மலை சுற்றியதில்லை. எங்கள் வீட்டில் இதை யாரும் பெரிதாக நினைத்ததில்லை. நானும்தான்.

அஸ்தி ஒரு மண் கலயத்தில் இருந்தது. வாயில் மஞ்சள் துணி கட்டி, கொல்லை வேப்பமரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். அதை வீட்டுக்குள் கொண்டு வரக்கூடாது. தரையிலும் வைக்கக்கூடாது. தென்பெண்ணையில் கரைத்துவிடலாம் என்றுதான் அப்பா இருந்தார். அத்தைக்குக் கனவு வந்துவிட்டது. பெரியப்பா வந்து தண்ணி தண்ணி என்று நின்றாராம்.

"ஆயுசு பூரா சோடா வித்த மனுசன். அவருக்கா தண்ணிக்குப் பஞ்சம்?" என்றார் சித்தப்பா.

அத்தை சிரிக்கவில்லை. சமுத்திரத்தில்தான் கரைக்க வேண்டும், அதுவும் ராமேஸ்வரத்தில், தை அமாவாசையில் என்றாள். அவள் பெரியப்பாவுக்கு அடுத்துப் பிறந்தவள். அவள் சொன்னால் அப்பா தட்ட மாட்டார். துக்கம் நடந்த வீட்டுப் பெண் வருஷம் திரும்புவதற்குள் வெளியூர் போகலாமா என்று சிலர் கேட்டார்கள். "அவ வராம வேற யாரு வர்றது?" என்றாள் அத்தை. பெரியம்மாவை யாரும் கேட்கவில்லை. அவளாகவே மூன்று புடவைகளை மடித்துப் பையில் வைத்தாள்.

வேன் கடலை மூட்டை ஏற்றுகிற வேன். சித்தப்பா அதற்கு டிரைவர். முதலாளியிடம் ஆறு நாளைக்குக் கேட்டு வாங்கியிருந்தார். பின்னால் கூரை போட்டு, கீழே கோரைப்பாய் விரித்திருந்தது. பக்கத்துக்கு ஒரு ஜன்னல். எங்கே கை வைத்தாலும் கடலைத் தோல் ஒட்டும். அரிசி, ஸ்டவ், குடம், புளிச்சோறு எல்லாம் ஏற்றினோம். கூரைக் கம்பியில் ஒரு கொக்கி. அதில் பெரியப்பா.

அத்தை ஒரு சட்டம் போட்டாள். வண்டி நின்றால் கலயத்தையும் இறக்க வேண்டும். "நம்ம மட்டும் எறங்கி காத்து வாங்குவோம், அண்ணன் மட்டும் உள்ள வேகுதா?" என்றாள். அதனால் நிற்கிற இடத்திலெல்லாம் ஒரு மரம் பார்த்து மாட்டுவார்கள். கிளம்பும்போது எடுக்க வேண்டும். மறக்காமல் இருக்க எனக்கு ஒரு வேலை கொடுத்தார் அப்பா.

"வண்டி கெளம்பறதுக்கு முன்னாடி, பெரியப்பா ஏறியாச்சான்னு நீ கேக்கணும். தெரியுதா?"

எனக்குப் பெருமையாக இருந்தது. ஒவ்வொரு இடத்திலும் கேட்டேன். திருக்கோவிலூரில் கேட்டேன். சிதம்பரத்தில் கேட்டேன். சித்தப்பா முன்னாலிருந்து, "அண்ணே, ஏறிட்டீங்களா? ரைட்டு" என்று சொல்லித்தான் வண்டியை எடுப்பார்.

நாகப்பட்டினம் தாண்டினதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வேதாரண்யத்தில் உப்பைக் குவித்து வைத்திருந்தார்கள். வெயிலில் பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகு ஊர்கள் கம்மியாகிவிட்டன. பொட்டல், பனை, சீமைக்கருவேல முள், திரும்பவும் பொட்டல். குடிக்கிற தண்ணீர் உப்புக் கரித்தது. ஒரு டயர் பஞ்சராகி, ஸ்டெப்னி மாட்டினார்கள். இன்னொன்று போனால் மாட்ட டயர் இல்லை என்று சித்தப்பா சொன்னது என் காதில் விழுந்தது. அமாவாசைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. விட்டால் அடுத்த தை. அதுவரை பெரியப்பா அந்தரத்தில் நிற்பார் என்றாள் அத்தை. அந்தரம் என்றால் எது என்று நான் ஜன்னல் வழியாக மேலே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பெரியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, கலயம் ஆடும்போதெல்லாம் அதையே பார்த்தாள். ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

நான்காம் நாள் காலையில் தொண்டிக்கு முன்னால் ஓர் இடத்தில் நிறுத்தினோம். ரோட்டோரம் நீலக் கதவு வைத்த ஒரு டீக்கடை. எதிரில் பெரிய புளியமரம். அக்கம்பக்கம் வீடு கிடையாது. அப்பா கலயத்தைப் புளியங்கிளையில் மாட்டினார். ஊற்றில் குளித்தோம். இட்லி சாப்பிட்டோம். டீக்கடைக்காரர்தான் சொன்னார், நாளைக்கு அமாவாசை, மண்டபத்தில் ரயிலுக்குக் கூட்டம் நெரியும், பகல் வண்டியைப் பிடிக்கப் பாருங்கள் என்று.

உடனே எல்லாரும் பரபரவென்று ஏறினார்கள். அத்தைக்கு வண்டி ஒத்துக்கொள்ளாமல் தலை சுற்றல். எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி படுத்துவிட்டாள். அம்மா அவளுக்குத் தலையணை வைத்தாள். அப்பா முன்னால் ஏறிக் கதவைச் சாத்தினார். பெரியம்மா குளித்த ஈரப்புடவையைக் கூரைக் கொக்கியில் மாட்டிக் காயவிட்டாள். அந்தக் கொக்கிதான் பெரியப்பாவின் கொக்கி.

நான் பார்த்தேன். வாயைத் திறந்தேன்.

பெரியம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கித்தான் பிடித்தாள். என்னைத் தூக்கி மடியில் உட்காரவைத்து, ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"அங்க பாரு. கடலு."

பனைகளுக்கு நடுவில் நீலமாகத் தெரிந்தது. நான் கடல் பார்த்தது அதுதான் முதல் தடவை. பார்த்து முடிப்பதற்குள், அவசரத்தில் "ரைட்டு" கூடச் சொல்லாமல் சித்தப்பா வண்டியை எடுத்துவிட்டார்.

அடுத்த இரண்டரை மணி நேரம் எனக்கு அதே நினைப்புதான். இப்போது சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். பெரியம்மாவின் கை என் மணிக்கட்டிலேயே இருந்தது. தொண்டி போனது. தேவிபட்டினம் போனது. ஊர் தாண்டத் தாண்டச் சொல்வது இன்னும் கஷ்டமானது. முன்பே ஏன் சொல்லவில்லை என்பார்களே. காக்கா கொத்துமா, கயிறு அறுந்தால் கலயம் என்ன ஆகும், பெரியப்பா என் கனவில் வந்து நீ ஏன் கேட்கவில்லை என்றால் என்ன சொல்வது. எதிர்க்காற்றில் பெரியம்மாவின் முக்காடு விழுந்துவிட்டது. அவள் அதை எடுத்துப் போடவில்லை. தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்தாள். தலைமயிர் என் முகத்திலெல்லாம் அடித்தது. ஆடு, படகு, உப்பு லாரி என்று எதையாவது பார்த்தால் என்னைத் தட்டித் தட்டிக் காட்டினாள்.

மண்டபத்தில் சாமான் இறக்கும்போது அம்மாதான் புடவையை எடுத்தாள். கொக்கி காலியாக இருந்தது.

"அண்ணன் எங்க கீது?" என்றாள் அத்தை.

அப்பா வண்டிக்குள் ஏறிப் பாயைப் புரட்டினார். பிறகு இறங்கி என்னைப் பார்த்தார்.

"நீ கேட்டியா?"

நான் இல்லையென்று தலையாட்டினேன்.

"உனக்கு இன்னாத்துக்குடி வாயி?"

கன்னத்தில் ஓர் அறை விட்டார். அப்பா என்னை அடித்தது அதுவரை கிடையாது. காது இரைந்தது. நான் பெரியம்மாவைப் பார்த்தேன். அவள் சொல்லுவாள் என்றுதான் பார்த்தேன். அவள் குனிந்து பையின் வாரைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "அனாதப் பொணம் மாரி மரத்துல உட்டுட்டு வந்துட்டீங்களே."

"நீலக் கதவு கடை. புளியமரம்" என்று நான் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அப்பாவும் சித்தப்பாவும் வேனைத் திருப்பிக்கொண்டு போனார்கள். போக வர ஐந்து மணி நேரமாவது ஆகும். சாயந்தர ரயிலுக்குள் வர வேண்டும். ஸ்டெப்னியும் கிடையாது. ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு பூவரச மர நிழலில் உட்கார்ந்தோம். அத்தை அழுது அழுது மயங்கினாற்போல் கிடந்தாள். அம்மா விசிறினாள்.

"வா, கால் நனைச்சிட்டு வரலாம்" என்று பெரியம்மா என் கையைப் பிடித்தாள். எனக்கு அவள்மேல் கோபம். ஆனாலும் போனேன்.

அந்தப் பக்கம் கடலில் அலையில்லை. ஏரி மாதிரி கிடந்தது. பெரியம்மா கணுக்கால் வரை இறங்கினாள். பிறகு முழங்கால். பிறகு புடவையோடு இடுப்பு வரை போய், அப்படியே கழுத்து முங்க உட்கார்ந்துவிட்டாள். கரையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த ஒரு அம்மா சத்தம் போட்டாள்.

"ஏத்தா, எந்த ஊரு? கடலையே பாத்ததில்லையா?"

"இல்லம்மா" என்றாள் பெரியம்மா. "மலைதான் பாத்திருக்கேன். அதுவும் ஒரு பக்கம்தான்."

அந்த அம்மா சிரித்தாள். பெரியம்மாவும் சிரித்தாள். அவள் பல் வரிசையை அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தேன். ஒவ்வொரு மீனுக்கும் பெயர் கேட்டாள். நண்டு ஒன்று காலருகே ஓடியதும் சின்னப் பெண் மாதிரி துள்ளினாள். பிறகு ஈரப்புடவையோடு ஒரு பெட்டிக்கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ கேட்டாள். குடித்துவிட்டு, "இன்னொண்ணு குடுப்பா" என்றாள். எனக்கு ஒரு வர்க்கி வாங்கிக் கொடுத்தாள். அதைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு தடவை கூட ரோட்டுப் பக்கம் பார்க்கவில்லை.

வெயில் சாயும்போது வேன் வந்தது. ஹாரன் சத்தம் கேட்டதும் பெரியம்மா எழுந்தாள். புடவையைப் பிழிந்தாள். முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கலயம் அப்பாவின் கையில் இருந்தது. துணிமேல் வேப்பிலையும் விபூதியுமாக இருந்தது.

"கடைக்காரன் ஒரே ரகளை" என்றார் சித்தப்பா. "யாரோ செய்வின வெச்சிட்டாங்கன்னு கடையச் சாத்திட்டான். எங்கிருந்தோ பத்து பேரக் கூட்டியாந்து நிறுத்தியிருக்கான். ஒரு சாமியாடி வேற. இது எங்கண்ணன்யா, சோடா வியாபாரம்னு சொன்னா ஒருத்தனும் நம்பல. தேங்கா ஒடச்சி, மன்னாப்பு கேட்டுத் தூக்கியாந்தோம்."

அத்தை அழுகையை நிறுத்திக் கலயத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்பா என் பக்கம் வந்து தலையில் கை வைத்தார்.

ரயிலில் நிற்க இடமில்லை. எப்படியோ பெரியம்மாவுக்கும் எனக்கும் ஓரத்தில் இடம் கிடைத்தது. எதிரில் அப்பா, மடியில் கலயம். பாலத்தில் ரயில் ஊர்ந்து போனது. இரண்டு பக்கமும் தண்ணீர். எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள், காசு போட்டார்கள், கும்பிட்டார்கள். பெரியம்மா மட்டும் தலையைக் குனிந்து மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கன்னம் இன்னும் எரிந்தது. ரயில் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று தெரிந்து அவள் காதில் கேட்டேன்.

"பெரியப்பாவ ஏன் பெரியம்மா உட்டுட்டு வந்த?"

அவள் கலயத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு என் காதோடு சொன்னாள்.

"எங்க போனாலும் கூடவே வரணுமா? அரை நாளு அங்கியே இருக்கட்டுமேன்னுதான்."

நான் யோசித்துப் பார்த்தேன். எனக்கு விளங்கிவிட்டது. அது நல்ல பெரிய மரம். நிழல் அடர்த்தி. பெரியப்பாவுக்கு வெயில் ஆகாது. கடையில் கூடத் தலையில் ஈரத் துண்டு போட்டுக்கொண்டுதான் உட்காருவார். வேனுக்குள் அனல். பாவம், கொஞ்ச நேரம் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று விட்டு வந்திருக்கிறாள். இதை அப்பாவிடம் சொல்லியிருந்தால் அவரும் சரியென்றுதானே சொல்லியிருப்பார், பிறகு நான் எதற்கு அடி வாங்கினேன் என்பது மட்டும்தான் எனக்குப் புரியவில்லை.