அவில்தார் நஞ்சப்பனின் இரண்டாம் பரீட்சை

காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் மானாவாரிக் காட்டை நம்பிய குடும்பத்தில் பிறந்த நஞ்சப்பன், பதினாறு வருஷம் காலாட்படையில் நடந்தே தேய்ந்தவர். அவில்தார், பத்துப் பேர் கொண்ட செக்‌ஷனுக்குத் தலைவர். அறுபத்தைந்தாம் வருஷத்து யுத்தத்தில் வலது முழங்காலில் குண்டுச் சில்லு பாய்ந்தது. இனி இந்தக் காலோடு காலாட்படையில் இருக்க முடியாது, வேறு வேலை கற்றுக்கொள், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கா? முப்பத்தைந்து வயதில் காலை நீட்டி உட்காருவதை நினைத்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயர்லெஸ் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார்.

அங்கே அவர் சட்டைக் கையிலிருந்த மூன்று பட்டையை யாரும் சட்டை செய்யவில்லை. நேற்றுச் சேர்ந்தவர்களெல்லாம் காதில் விழும் மோர்ஸ் ஒலியை மளமளவென்று எழுத்தாக்கினார்கள். நம் அவில்தார் பரீட்சையில் கோட்டைவிட்டார். இன்னும் ஒரே ஒரு தடவை எழுதலாம். அதிலும் போனால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அந்த நிலைமையில்தான் அறுபத்தாறு கோடையில் இரண்டு மாத விடுப்பில் ஊர் வந்தார்.

வந்த மறுநாளே காரிமங்கலம் தபாலாபீசுக்கு நொண்டிக்கொண்டே போனார். தந்தி வேலை பார்த்த அப்துல் ஷுக்கூர் அவரைவிடப் பத்து வயது சின்னவர்.

"பாய், எனக்கு இதைச் சொல்லிக் குடுங்க" என்றார் நஞ்சப்பன். யாரிடமும் கேட்டுப் பழகாத வாய், அதட்டலாகத்தான் வந்தது.

ஷுக்கூர் சிரித்துவிட்டார். "ஊருக்கு வர்ற தந்தியை நீங்க கேட்டு எழுதக் கூடாதுங்க, சட்டம். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல வாங்க. பழைய தந்திக் கட்டை ஒண்ணு கெடக்குது. நானா எழுத்து அடிக்கிறேன், நீங்க எழுதுங்க."

அன்றிலிருந்து தினம் மத்தியான வெயிலில் இரண்டு மைல் நடை. ராணுவத்தில் செய்தி ஐந்தைந்து எழுத்தாக வரும். அர்த்தம் இருக்காது, ஊகிக்கவும் முடியாது. ஷுக்கூரும் அப்படியே அடித்தார். வீட்டிலும் பித்தளைச் சொம்பில் கரண்டியால் தட்டிக்கொண்டே இருந்தார். ஒரு மாதத்தில் வேகம் வந்துவிட்டது. ஆனாலும் தாளில் நடுநடுவே ஏழெட்டு எழுத்து சேர்ந்தாற்போல் காணாமல் போனது. ஷுக்கூர் ஒருநாள் தாளை விட்டுவிட்டு அவர் கையையே கவனித்தார். ஓர் எழுத்து தவறினால் பென்சில் பின்னால் போய் அந்த இடத்திலேயே நின்றது.

"ஏன் திரும்பிப் போறீங்க?"

"நாலு எழுத்துதான் இருக்குதுங்களே. அஞ்சாவது எங்க?"

"வுட்டா வுட்டதுங்க. ஒரு கோடு போட்டுட்டு அடுத்ததுக்குப் போவணும்."

நஞ்சப்பன் முகம் கறுத்தது. "ஆளை எண்ணாம நான் ஒரு அடி நகந்ததில்லை. அன்னைக்குச் சண்டையில எண்ணறப்ப ஒம்போது பேர்தான் இருந்தாங்க. திரும்பிப் போயி காளியப்பனைத் தூக்கியாந்தேன். அப்பத்தான் இந்தக் காலு போச்சு. அவன் இன்னைக்கு உசுரோட இருக்கான், பாய்."

ஷுக்கூர் மெதுவாகச் சொன்னார்: "காளியப்பன் வுழுந்த எடத்துலயே கெடந்தாருங்க. எழுத்து கெடக்காது. நீங்க ஒண்ணைத் தேடறப்போ பின்னால வர்ற ஏழு வுட்டுப் போவுதுங்க."

நஞ்சப்பனுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எழுந்து போனவர் மூன்று நாள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நாலாம் நாள் காலை அவர் மனைவி தீர்த்தம்மாள் சொம்பைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"தட்டற சத்தம் கேக்காம வூடே வெறிச்சுனு கெடக்குது. நீங்க போறீங்களா, இல்ல நான் போயி படிச்சிட்டு பட்டாளத்துக்குக் கெளம்பட்டுமா?"

அவர் போனார். ஷுக்கூரும் பழையதைப் பேசவில்லை. கட்டையை எடுத்து அடித்தார். மூன்றாவது வரியில் ஓர் எழுத்து தவறியது. பென்சில் பின்னால் போகப் பார்த்தது. நஞ்சப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த எழுத்தைப் பிடித்தார். நெஞ்சு வலித்தது, உண்மையாகவே வலித்தது. மிச்ச விடுப்பு முழுவதும் அந்த ஒன்றைத்தான் பழகினார்.

ஆடி மாதம் பரீட்சை. ஐந்து தவறு வரை பொறுப்பார்கள். சோதித்தவன் அவரைவிடச் சின்னப் பதவியிலிருந்த நாயக். தாளைப் பார்த்துவிட்டு இந்தியில் கேட்டான்: "நாலு இடத்தில் கோடு இருக்கிறதே, இதெல்லாம் என்ன?"

நஞ்சப்பன் விறைப்பாக நின்றார். "தவறிப் போனவை. விட்டுவிட்டேன்."

"தேறினார்" என்று நாயக் எழுதிக் கையெழுத்துப் போட்டான். அதன்பின் ஒன்பது வருஷம், எழுபத்தொன்றாம் வருஷத்து யுத்தம் உட்பட, அவர் வயர்லெஸ் பிரிவில் இருந்தார். எத்தனையோ ஆயிரம் செய்திகளை எழுதித் தள்ளினார்; ஒன்றுகூட நினைவில்லை என்பார். ஆனால் அந்தப் பரீட்சைத் தாளில் விடுபட்ட நான்கும் எந்தெந்த வரியில், எத்தனையாவது எழுத்து என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வார்.